நூற்று எழுபதுக்கு மேலே

மார்லூஸ் ஸ்கிப்பருக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. ஆகாதவள் போய் வேலைக்குச் சேர்ந்த இடம் நீர் வாரியம். வாய்க்காலில் ஒரு மதகை ஒரு சாண் தூக்க வேண்டுமென்றால் அங்கே முதலில் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு காப்பி, ஒரு பிஸ்கட். எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் மதகு அசையும். வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லிவிட மாட்டார்கள். பிடிக்காதவர், "இன்னொரு தடவை பேசிப் பாக்கலாமே" என்பார். அதற்காக இன்னொரு கூட்டம் நடக்கும்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. அப்பா வாய்க்கால் தூர் வாரும் கிரேன் ஓட்டியவர். அவள் கணினி படித்தாள். பல வருடம் ஒரு பலசரக்குக் கிடங்கில், எந்த ஊர்க் கடையில் எத்தனை தயிர் டப்பா தீர்ந்துபோகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தயிருக்காக வாழ்ந்தது போதும் என்று தோன்றியபோது ஊருக்கே திரும்பி, வாரியத்தின் தரவுப் பிரிவில் உட்கார்ந்தாள். மழை, காற்று, உப்பு, தண்ணீர் மட்டம் என்று மாகாணம் முழுக்க இருக்கும் அளவுமானிகள் அனுப்புவதெல்லாம் அவள் மேசைக்கு வரும்.

தண்ணீர் மட்டம் வடக்கு ஹாலந்தில் சாதாரணச் செய்தி கிடையாது. இந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் ஏரி. கரை கட்டி, இறைத்து, வயலாக்கிய போல்டர். நிலமே கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. பம்ப் நின்றால் ஏரி திரும்பி வந்துவிடும். அதனால் இரண்டு விவசாயிகள் வழியில் பார்த்துக்கொண்டால், "உன் பக்கம் எவ்வளவு?" என்பார் ஒருவர், "நூத்தித் தொண்ணூறு" என்பார் மற்றவர். கடல் மட்டத்திலிருந்து நூற்றுத் தொண்ணூறு சென்டிமீட்டர் கீழே என்று பொருள். அந்தக் 'கீழே'யை யாரும் சொல்வதில்லை. மேலே இருக்க வாய்ப்பே இல்லாதபோது எதற்குச் சொல்ல வேண்டும்? எண் சிறுத்தால் தண்ணீர் ஏறுகிறது. நூற்றுத் தொண்ணூறு நூற்று எழுபது ஆனால் பள்ளத்து வயல்காரர்கள் பம்ப்பைப் போட ஓடுவார்கள். நடக்கப் பழகும் வயதிலேயே இங்கே பிள்ளைகளுக்கு இது தெரிந்துவிடும்.

ஸீம் கோஸ்டருக்கு அப்படி ஒரு பள்ளத்து வயல் இருந்தது. துலிப் கிழங்கு போடுகிற ஆள். ஐம்பத்தைந்து வயது, பெரிய கை, சின்னக் கண். வீட்டிலிருந்து தள்ளி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் கிடந்தது அந்த வயல். மூலையில் அவருடைய சொந்தப் பம்ப் ஒன்று. வாய்க்கால் ஏறும்போது அதை ஓட்டினால் வயல் தப்பிக்கும். ஓட்டாமல் விட்டுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றால், மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு மூச்சு முட்டி அழுகிவிடும். எனவே நடவு முடிந்த இலையுதிர் காலம் முழுக்க, சாயங்காலம் ஆனால் ஸீம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அளவுப் பலகையைப் பார்த்துவிட்டு வருவார்.

வாரியத்தின் இணையதளத்தில் எச்சரிக்கைக்குப் பதிவு செய்கிற பக்கம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அளவுமானியின் குறியீடு, அலகு, எல்லை, ஏறும்போதா இறங்கும்போதா, எத்தனை தடவை என்று பல கட்டங்கள். ஸீம் அதை முயன்று பார்த்தவர்.

"மூணு வருஷமா எனக்குத் தகவல் வருது, பொண்ணே," என்று ஒருநாள் தொலைபேசியில் அவளைப் பிடித்துக்கொண்டார். "எவனோ ஒருத்தன் மதகுல உப்பு ஏறுதாம், உப்பு இறங்குதாம். அந்த மதகு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. நிறுத்தவும் தெரியல. என் பொண்டாட்டி, உனக்கு யாரோ ஒருத்தி செய்தி அனுப்புறாளான்னு கேக்குறா."

"எத அமுக்கின?"

"எல்லாத்தையும் அமுக்கினேன். எது வேலை செஞ்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இதிலிருந்துதான் மார்லூஸுக்கு யோசனை வந்தது. கட்டங்களே வேண்டாம். விவசாயி தன் வாயால் சொல்லட்டும்: என் பள்ளத்து வயலில் தண்ணீர் இவ்வளவு ஏறினால் எனக்குச் சொல்லு. கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு ஏஐ ஏஜென்ட் இருக்கட்டும். அந்த மாதிரி ஏஜென்ட்டுக்குப் பேச வரும், ஆனால் கை கிடையாது. எந்த அளவுமானி, எந்த எல்லை, யாருக்குத் தகவல் என்று உள்ளே போய்ப் பதிகிற கையை யாராவது செய்து மாட்ட வேண்டும். அந்தக் கையைத்தான் அவள் செய்தாள். அலுவலகத்தில் அதைக் 'கருவி' என்றார்கள்.

வசந்தம் முழுக்க அது அவள் பிராணனை வாங்கியது. ஸீமைச் சோதனைக்கு உட்கார வைத்தால், "விசேஷம் எதுவானாலும் சொல்லு" என்றார். ஏஜென்ட் மகா உற்சாகமாக மழை, காற்று, உப்பு, பாசி, படகுப் பாலம் திறக்கும் நேரம் வரை எல்லாவற்றுக்கும் பதிந்துவிட்டது. அன்று அவருடைய போன் அடங்கவே இல்லை. ஒரு பேச்சுக்கு ஒரு பதிவுதான் என்று அவள் கட்டிப்போட்டாள். அடுத்த வாரம், ஒன்றையும் பதியாமலே "பதிந்துவிட்டேன்" என்று இனிமையாகச் சொன்னது. கருவி ரசீது தந்தால் ஒழிய 'பதிந்தேன்' என்று வாயைத் திறக்காதே என்று அதையும் கட்டினாள். இணைப்பு மெதுவானபோது ஒரே எச்சரிக்கையை இரண்டு தடவை பதிந்தது. அதையும் அடைத்தாள். ஒரு ஓட்டையை அடைத்தால் அது வேறொரு ஓட்டையில் தலையை நீட்டிச் சிரித்தது.

அப்போது அந்தக் கருவியில் ஒரு கட்டாயக் கேள்வி இருந்தது. தண்ணீர் மட்டத்துக்கு யார் எண் சொன்னாலும் ஏஜென்ட் அதைக் கேட்டே தீரும். ஸீமின் கொட்டகையில், கிழங்குப் பெட்டிகளுக்கு நடுவே, மார்லூஸ் பக்கத்தில் நிற்கும்போதே அது கேட்டது.

"நூத்தி எழுபதுக்கு மேல போனா சொல்லு," என்றார் ஸீம், போனை வாய்க்கு நேரே அப்பம் தின்பது போலப் பிடித்துக்கொண்டு.

"நீங்கள் சொல்லும் நூற்று எழுபது சென்டிமீட்டர், கடல் மட்டத்துக்கு மேலேயா, கீழேயா?"

ஸீம் போனைத் தள்ளிப் பிடித்து அதன் முகத்தைப் பார்த்தார். "கடல் மட்டத்துக்கு மேலயா? அப்படின்னா நான் கூரை மேல ஏறி உக்காந்துதான் உன்கூட பேசணும்."

"மன்னிக்கவும். கடல் மட்டத்துக்கு மேலேயா, கீழேயா?"

"பொண்ணே, இது எந்த ஊர்க்காரன்?"

"எந்த ஊரும் இல்ல, ஸீம்."

"அதான் தெரியுதே. நம்ம தண்ணிய இவன் பாத்துக்கப் போறானாக்கும். மாடு நிக்குமா படுக்குமான்னு அடுத்து கேப்பான்."

மார்லூஸ் சிரித்தாள். சிரிப்பு வராமல் என்ன செய்யும்? அவளும் அந்த மண்தானே.

சோதனைக்கு வந்த எல்லோருமே இதைத்தான் சொன்னார்கள். மக்கள் தொடர்பைக் கவனிக்கிற ஃப்ளூர் அந்தக் குறைகளைத் திரட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தாள். பிரிவுத் தலைவர் ரைனாட் தலைமை. சட்டப் பிரிவுக்காரர் ஒருவரும் இருந்தார்.

"ஜனங்க இத அவமானமா எடுத்துக்கிறாங்க," என்றாள் ஃப்ளூர். "ஒருத்தர் சொல்றார், நம்ம வாரியத்துக்கே போல்டர்னா என்னன்னு தெரியலையான்னு."

"கேள்வி தேவைதானா?" என்று ரைனாட் எல்லோரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார்.

"தேவை இல்ல," என்றாள் மார்லூஸ். "நம்ம ஊர்ல எவனும் மேலன்னு சொல்லப் போறதில்ல. எடுத்துரலாம். பத்து நிமிஷ வேலை."

சட்டப் பிரிவுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். கேள்வியை எடுத்தால், பதிவதற்கு முன் முழுவதையும் படித்துக் காட்டி 'சரி' என்று வாங்க வேண்டும். நியாயம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் பத்து நிமிடத்தில் எடுத்தாள். பதிலாக ஏஜென்ட் இப்படிக் கேட்டது: "தண்ணீர் நூற்று எழுபது சென்டிமீட்டருக்கு மேல் போனால் தகவல் அனுப்புவேன். சரியா?" அதை ஃப்ளூர் படித்தாள், ரைனாட் படித்தார், சட்டம் படித்தது, மார்லூஸ் படித்தாள். அத்தனை பேரும் போல்டரில் பிறந்தவர்கள். அத்தனை பேர் கண்ணுக்கும் அது சரியாகவே தெரிந்தது.

கோடை நல்லபடியாகப் போனது. மழை எச்சரிக்கை மழைக்கு முன்னால் வந்தது, காற்று எச்சரிக்கை காற்றுக்கு முன்னால் வந்தது. தண்ணீர் மட்டம் ஏறவே இல்லை. அதற்கான எச்சரிக்கை வராததை யாரும் கவனிக்கவும் இல்லை. வாரியத்தின் செய்திமடலில் ஸீம் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை ஃப்ளூர் போட்டாள். அக்டோபர் தொடக்கத்தில் ஸீம் பள்ளத்து வயலில் கிழங்கு போட்டு முடித்தார். மார்லூஸ் அந்தப் பக்கம் போனபோது வரப்பில் நின்று அவரிடம் சொன்னாள்:

"இனி சாயங்காலம் சைக்கிள எடுத்துட்டு அலைய வேணாம். ஏறினா போன் வரும். நான் பொறுப்பு."

"நீ சொன்னா சரி," என்றார் ஸீம்.

மாதக் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு முழுக்க மழை ஊற்றியது. மழை எச்சரிக்கை எல்லோருக்கும் போனது. திங்கள் காலையில் மார்லூஸ் நனைந்த கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு வரைபடத்தைத் திறந்தாள். ஸீமின் வாய்க்கால் சனிக்கிழமையே நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது. இப்போது நூற்று அறுபத்தொன்று. பாவம், மனுஷன் ரெண்டு நாளாகப் பம்ப் பக்கமே நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். எத்தனை மணிக்குத் தகவல் போனது என்று பார்க்கப் போனாள். தகவல் போகவே இல்லை.

அனுப்புகிற பக்கம் அடைத்துக்கொண்டதா? இல்லை, மழைத் தகவல் எல்லாம் போயிருக்கிறது. பதிவு அழிந்துவிட்டதா? இல்லை, உயிரோடு, ஆரோக்கியமாக, பச்சை விளக்கோடு 'காத்திருக்கிறது' என்று காட்டியது. எதற்காகக் காத்திருக்கிறது? எல்லை: 170. தற்போதைய மட்டம்: -161.

எண்ணுக்கு முன்னால் இருந்த அந்தச் சின்னக் கழித்தல் கோட்டை அவள் பார்த்தாள். நாள் முழுக்க அவள் கண் முன்னால்தான் அது ஓடிக்கொண்டிருந்தது, வாயில் ஒருநாளும் வந்ததில்லை. கடல் தன் மட்டத்துக்கு மேலே ஓர் ஆள் உயரம் எழுந்து மாகாணத்தை விழுங்கினால், அப்போது ஸீமுக்குத் தகவல் போகும். அதுவரைக்கும் அந்தப் பச்சை விளக்கு பொறுமையாகக் காத்திருக்கும்.

ஸீம் உடனே எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தமும் பேச்சும் கேட்டன.

"எங்க இருக்க?"

"தெற்க, லிம்பர்க்ல. கொழுந்தியாளுக்குப் பிறந்தநாள். நேத்தெல்லாம் வட்டமா நாற்காலி போட்டு உக்கார வச்சு, வந்தவன் போனவனுக்கெல்லாம் வாழ்த்துச் சொல்ல வச்சுட்டாங்க. இப்பத்தான் கிளம்பப் போறோம். என்ன?"

"பள்ளத்துல தண்ணி நிக்குது, ஸீம்."

"போன் வரலயே," என்றார். "வரலன்னா நல்லாத்தான இருக்குன்னு இருந்தேன்."

"பம்ப் பெட்டிச் சாவி எங்க?"

"பூட்டே இல்ல. வேகமா இழு, கதவு சிக்கும்."

அவள் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் போனாள். வயலில் மூன்றில் ஒரு பங்கு, பள்ளமான பக்கம், சாம்பல் நிறக் கண்ணாடி போலக் கிடந்தது. பாத்திகளின் முதுகுகூடத் தெரியவில்லை. பெட்டிக் கதவை இழுத்தாள், சிக்கியது. கால் வைத்து இழுத்துத் திறந்து விசையைத் தள்ளினாள். பம்ப் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. குழாய் வழியே தண்ணீர் வாய்க்காலுக்குள் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு மழையில் நின்றாள். நின்று பிரயோசனம் இல்லை என்று தெரியும். இருந்தாலும் ஸீம் வரும்வரை நின்றாள்.

அவர் வந்தார். விருந்துச் சட்டைக்கு மேலே மழைக்கோட்டு. வயலைப் பார்த்தார். கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அது என்கிட்ட படிச்சுக் காட்டுச்சே," என்றார். "நூத்தி எழுபதுக்கு மேலன்னு சொல்லிச்சு. நான் சரின்னேன்."

"நானும் சரின்னுதான் சொன்னேன், ஸீம். எல்லாரும் சொன்னோம்."

"நான் சொல்லலாம். நீ சொல்லக் கூடாது. அதுக்குத்தான உன்ன அங்க உக்கார வச்சிருக்கு."

அவள் குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரைப் பார்த்தாள்.

"மேலப் பகுதி நனையல," என்றார் அவர், பாதி தனக்குத்தானே. "அதையாவது பாக்கணும். இந்த வாரம் இன்னும் மழை சொல்றான்."

அலுவலகத்துக்குத் திரும்பி மற்ற பதிவுகளைத் திறந்தாள். தண்ணீர் மட்டத்துக்கென்று பதிந்த அத்தனையும் அதே கதை. நூற்று அறுபது, இருநூற்றுப் பத்து, முந்நூற்று நாற்பது. எல்லாம் பச்சை, எல்லாம் காத்திருக்கின்றன. அத்தனை வீட்டிலும் ஒருவர் போன் வரவில்லை என்பதால் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவள் நேராக ரைனாட்டின் அறைக்குப் போனாள்.

ரைனாட் கெட்ட மனிதர் கிடையாது. யாரையும் வேலையை விட்டு அனுப்பியதில்லை, யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் வீடு தீப்பிடித்தாலும் எந்த வாளியை எடுப்பது என்று முதலில் சுற்றிலும் கேட்பார்.

"இப்பவே எல்லாருக்கும் போன் பண்ணணும்," என்றாள் மார்லூஸ். "உங்க எச்சரிக்கை வேலை செய்யாது, நீங்களே போய்ப் பாருங்கன்னு."

"பண்ணணும்தான். ஃப்ளூர் ஒரு வாசகம் எழுதட்டும். வியாழக்கிழமை பாத்து முடிவு பண்ணலாம்."

"புதன்கிழமை மழை."

"புரியுது. ஆனா ஒவ்வொருத்தர்கிட்ட ஒவ்வொரு விதமா சொன்னா, வாரியம் தப்பு பண்ணிடுச்சுங்கிற மாதிரி ஆயிடும்."

"தப்புதான பண்ணினோம்."

"தப்புதான். அத எப்படிச் சொல்றதுன்னு எல்லாரும் ஒத்துப் போகணும்ல."

"அந்தக் கேள்வியத் தூக்கும்போதும் எல்லாரும் ஒத்துத்தான் போனோம், ரைனாட். ஒருத்தர் விடாம தலையாட்டினோம். அதுல ஒரே ஒரு ஆள் ஒத்துக்கல, அது அந்த மெஷின். அது திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. நாம அதோட வாய அடைச்சோம்."

ரைனாட் முகம் சுருங்கியது. "நீதான் பத்து நிமிஷ வேலைன்ன," என்றார் மெதுவாக.

"ஆமா. நான்தான் சொன்னேன். அதனாலதான் இப்ப நான் போன் பண்றேன்."

தன் மேசைக்கு வந்து, மதியத்துக்குக் கொண்டுவந்த ரொட்டியைப் பிரிக்காமலே, வரிசையாக அழைத்தாள். சிலர் சிரித்தார்கள். "கடல் மேல நூத்தி எழுபதா? அன்னிக்கு எனக்கு போன் எதுக்கு, நோவா கப்பலோட வந்து ஏத்திக்குவார்." சிலர் திட்டினார்கள். காலிஃபிளவர் போடுகிற ஒரு பெண் கேட்டாள்: "அப்ப இத்தன மாசமா நான் கவலப்படாம இருந்தது எத நம்பி?" ஒரு கிழவர், தான் பதிந்ததே மறந்துபோயிற்று, யார் அவள், என்ன விற்கிறாள் என்று கேட்டு வைத்துவிட்டார். அவரை மறுபடி அழைத்தாள். மறுபடி வைத்துவிட்டார். மூன்றாம் தடவை அவருடைய மகனைப் பிடித்தாள்.

அடுத்த நாள் முழுக்கக் கருவியைப் பிரித்துப் போட்டுக் கட்டினாள். மேலேயா கீழேயா என்ற கேள்வி திரும்ப வந்தது. அது மட்டும் போதாது என்று இன்னொன்றையும் சேர்த்தாள். எவர் என்ன எல்லை சொன்னாலும் கருவி அந்த அளவுமானியின் பழைய குளிர்காலங்களை எல்லாம் ஓட்டிப் பார்க்கும். ஒரு தடவைகூட அந்த எல்லை தாண்டப்பட்டிருக்கவில்லை என்றால் பதிய மறுத்துவிடும். ஏன் மறுக்கிறது என்றும் சொல்லும்: இந்த எச்சரிக்கை உங்களுக்கு வரவே வராது.

ஃப்ளூர் எட்டிப் பார்த்தாள். "மறுபடி அதே கேள்வியா? திட்டுவாங்களே."

"திட்டட்டும்."

"செய்திமடல்ல என்னன்னு போடறது?"

"போடாத. இல்ல, ஸீமோட வயலப் படம் எடுத்துப் போடு."

ஃப்ளூர் முகம் வாடித் திரும்பிப் போனாள். அவள்மேல் பாய்ந்திருக்க வேண்டாம் என்று மார்லூஸுக்குத் தோன்றியது. ஆனால் எழுந்து போய்ச் சமாதானம் சொல்லவும் இல்லை. பிறகு ஏஜென்ட்டை அவரவரிடம் மறுபடி கேட்க வைத்து, பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். ஸீமுடையதை முதலில். திருத்தியதும் அவருக்குச் சொன்னாள். "ம்," என்றார். புதன்கிழமை மழை போல்டர் பக்கம் வராமல் கடலோரமாகவே நகர்ந்து போனது. அந்தத் தடவை தப்பித்தார்கள்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் ரைனாட் எல்லாவற்றையும் நிதானமாக எடுத்து வைத்தார். நடந்தது வருந்தத்தக்கது. அவசரத்தில் செய்த திருத்தமும் ஆபத்துதான். வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டு மதிப்பிட வேண்டும். அதுவரைக்கும் தண்ணீர் மட்ட எச்சரிக்கை எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கலாம். சட்டம் தலையாட்டியது. ஃப்ளூர் மேசையைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

"மதிப்பிட எவ்வளவு நாள் ஆகும்?" என்று மார்லூஸ் கேட்டாள்.

"வசந்தத்துக்குள்ள முடிச்சிடலாம்."

"வசந்தத்துல தண்ணி இறங்கிடும்."

"அப்ப அவசரமும் இருக்காதுல்ல," என்றார் சட்டப் பிரிவுக்காரர். உண்மையாகவே ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார்.

மார்லூஸ் தலையாட்டவில்லை. அதை யாரும் பார்க்கவில்லை. குறிப்பில் 'அனைவரும் ஒப்புக்கொண்டனர்' என்று எழுதியாயிற்று. நிறுத்துகிற பொத்தான் அவளிடம் இருந்தது. அவள் இருக்கைக்குப் போய், அந்தப் பக்கத்தைத் திறந்து, பொத்தானைப் பார்த்துவிட்டு, திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மழை. கூட்ட அறையின் சன்னலில் சாய்ந்து அடித்தது. யாரை வைத்து மதிப்பிடுவது, அவரை எந்த முறையில் தேர்ந்தெடுப்பது என்று ரைனாட் பேசிக்கொண்டிருந்தார். மார்லூஸின் மடிக்கணினியில் ஒரு வரி எழுந்தது. ஸீம் கோஸ்டர், பள்ளத்து வயல், தகவல் அனுப்பப்பட்டது. அவள் எழுந்து நடைவழிக்கு வந்து அவரை அழைத்தாள்.

"வந்துச்சு," என்றார் ஸீம், அவள் வாயைத் திறக்கும் முன். பின்னால் பம்ப் சத்தம் இரைந்தது. "போட்டுட்டேன். ஓடுது."

"மேலப் பகுதி எப்படி இருக்கு?"

"நேத்து ஒண்ணு தோண்டிப் பாத்தேன். வேர் வெள்ளையா இருக்கு. இத இப்பிடியே இறைச்சா தப்பிச்சுடும்."

"கீழ?"

"கீழ கேக்காத. கையில எடுத்து அமுக்கினா கஞ்சி. நாறுது." சத்தத்துக்கு மேலே கத்தினார். "பொண்ணே, இப்ப அது என்கிட்ட மேலயா கீழயான்னு கேட்டுச்சுல்ல, திருத்தும்போது. கீழன்னேன். மறுபடி படிச்சுக் காட்டி சரியான்னுச்சு. நான் சட்டுனு சரி சொல்லல. பொண்டாட்டி வில்மாவக் கூப்பிட்டு அவளையும் ஒரு தடவ படிக்கச் சொன்னேன். அவளுக்குக் கண்ணாடி இல்லாம தெரியல, திட்டிட்டே போய் எடுத்துட்டு வந்தா."

"நல்லது பண்ணின."

"நல்லது என்ன நல்லது. மூணுல ஒரு பங்கு வயல் போச்சு. சரி வை, எனக்கு வேலை இருக்கு."

அவள் உள்ளே வந்தாள். ரைனாட் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தார். "ஏதாவது ஆச்சா?"

"ஸீமுக்கு எச்சரிக்கை போச்சு. பம்ப் ஓடுது."

சட்டப் பிரிவுக்காரர் தன் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"நிறுத்துறதா முடிவு பண்ணோமே," என்றார் ரைனாட்.

"நான் நிறுத்தல."

"மத்தவங்களுது?"

"அதுவும் நிறுத்தல."

"அத ஓட விடலாம்னு யார் ஒத்துக்கிட்டா, மார்லூஸ்?"

"யாரும் ஒத்துக்கல," என்றாள் அவள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மழை வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. திரையில் காலிஃபிளவர்க்காரியின் பெயர் எழுந்தது. அதற்குக் கீழே அடுத்த பெயர்.